வாசகர் கேள்வி – பதில்: குறைமாதப் பிள்ளையோடு வைத்தியசாலையில்

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளைப் பற்றி அண்மையில் வந்த கடிதங்களுள் நான்கை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களையும் அவர்கள் குறிப்பிட்ட வைத்தியசாலைகளின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் முதற்பிள்ளை 29 வாரத்தில், 1,150 கிராம் நிறையோடு பிறந்தாள். மனைவிக்குப் பிரஷர் கட்டுக்கடங்காமல் கூடியதால் சத்திரசிகிச்சை செய்து பிள்ளையை எடுத்தார்கள். முதல் இரண்டு வாரமும் எல்லாம் நல்லபடியாகவே போனது. மூச்சுக்கு வைத்திருந்த கருவியைக் கழற்றினார்கள். குழாய் வழியாகப் பால் கொடுத்து, அதன் அளவையும் நாளுக்கு நாள் கூட்டினார்கள். மூன்றாம் வாரத்தில் ஒருநாள் காலையில் நான் போனபோது கருவி மறுபடியும் மூக்கில் இருந்தது. வயிறு ஊதியிருந்தது. பாலை நிறுத்தி, சேலைன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். குடலில் தொற்று இருக்கலாம் என்று சந்தேகிப்பதாகச் சொன்னார்கள். நன்றாக இருந்த பிள்ளை ஓர் இரவில் எப்படி இப்படி ஆனாள்? இதில் யாருடைய கவனக்குறைவு? கொழும்புக்குக் கொண்டுபோனால் நல்லதா? பிள்ளைக்குப் பால் இல்லையென்றதும் மனைவி பால் எடுப்பதையே விட்டுவிட்டாள். வயிற்றுப்பிள்ளையோடு நல்லூர்த் தேருக்குப் போய் வெயிலில் நின்றதால்தான் எல்லாம் வந்தது என்று என் அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார். வேலணையிலிருந்து நாளும் வந்து போகின்ற நான் கண்ணாடிக்கு வெளியே நிற்பதைத் தவிர வேறு என்ன செய்யலாம்?

பதில்: பால் விடயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவற்றுக்கு ஓரிரு நாள் அவகாசம் உண்டு, இதற்கு இல்லை. உங்கள் மனைவி இன்றைக்கே மறுபடி பால் எடுக்கத் தொடங்க வேண்டும். எடுக்க எடுக்கத்தான் பால் சுரக்கும்; எடுக்காமல் விட்டால் சில நாட்களிலேயே வற்றத் தொடங்கிவிடும். குடல் தேறியதும் வைத்தியர்கள் முதலில் கேட்கப்போவது தாயின் பாலைத்தான், அதுவும் ஒரு மில்லிலீற்றர், இரண்டு மில்லிலீற்றர் என்ற அளவில்தான். குறைமாதப் பிள்ளையின் குடலுக்கு வருகின்ற இந்த நோய், தாய்ப்பால் பெறும் பிள்ளைகளிடம் குறைவாகவே காணப்படுகிறது. ஆகவே இப்போது எடுக்கின்ற பாலை வீண் என்று அவர் எண்ண வேண்டியதில்லை. பெயர், திகதி, நேரம் எழுதி உறைகுளிரில் வைக்க முடியுமா என்று விடுதித் தாதியரிடம் கேளுங்கள். வைக்க இடமில்லாமல் ஊற்ற நேர்ந்தாலும் எடுப்பதை நிறுத்தக் கூடாது.

இரவையும் சேர்த்து 24 மணித்தியாலத்தில் எட்டுத் தடவை எடுக்க வேண்டும். இயந்திரம் இல்லாவிட்டால் கை போதும். பெருவிரலை முலைக்காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் மேல் ஓரத்திலும், மற்ற விரல்களைக் கீழ் ஓரத்திலும் வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றையொன்று நோக்கி அமர்த்தி விட வேண்டும். தோலின்மேல் விரல்கள் வழுக்கி ஓடக் கூடாது. காம்பை இழுக்கவும் கூடாது. ஓர் இடத்தில் வரத்துக் குறைந்ததும் விரல்களைச் சற்றுச் சுழற்றி அடுத்த இடத்துக்குப் போகலாம். சில நாள் விட்டுத் தொடங்குவதால் ஆரம்பத்தில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதைக் கண்டு அவர் மனம் சோராதிருக்க, பக்கத்தில் ஒருவர் இருப்பது நல்லது. பிள்ளை தேறி வந்ததும் அதன் அருகில் இருந்தோ, அதை நெஞ்சில் வைத்திருந்தோ, அதற்குப் பின்னரோ எடுக்கும்போது பால் கூடுதலாக வருவதைப் பல தாய்மார் கண்டிருக்கிறார்கள்.

இனி, ஓர் இரவில் எப்படி இப்படி ஆனது என்ற கேள்விக்கு வருகிறேன். 29 வாரப் பிள்ளையின் குடல் இன்னும் இரண்டரை மாதம் தாயின் வயிற்றுக்குள் வளர்ந்திருக்க வேண்டிய குடல். அதன் உட்சுவர் மெல்லியது. குருதியோட்டமும் அசைவும் சீராக அமைந்திருக்கவில்லை. கிருமிகளோடு பழகியிருக்கவும் இல்லை. நோயை எதிர்க்கும் சத்துக்கள் தாயிடமிருந்து பிள்ளைக்குப் பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களிலேயே கடக்கின்றன. உங்கள் மகள் அந்தக் கொடையின் பெரும்பகுதியைப் பெறுமுன் பிறந்துவிட்டாள். மிகவும் முன்கூட்டிப் பிறந்த பிள்ளைகளுக்குக் குடலழற்சி வருவது பெரும்பாலும் பிறந்த இரண்டாம், மூன்றாம் வாரத்தில்தான், அதாவது மூச்சு ஓரளவு தேறி, பாலும் ஏறி, பெற்றோர் சற்று நிம்மதி அடைகின்ற காலத்தில். அதனால்தான் அது இவ்வளவு இடியாக விழுகிறது. தொற்றோ அழற்சியோ தொடங்கும்போது இவர்களுக்கு முதலில் தளர்வது மூச்சு. 20 செக்கன்களுக்கு மேல் மூச்சு நின்று நின்று வரும். இதயத் துடிப்பும் இறங்கும். கருவி மறுபடி மூக்குக்கு வந்ததற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். குடலின் சுமையைக் குறைக்கப் பாலை நிறுத்தி, வயிற்றிலுள்ள காற்றைக் குழாயால் இறக்கி, அன்டிபயோட்டிக் கொடுத்து, எக்ஸ்ரேயைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பதே இதற்கான சிகிச்சை. வெறும் சந்தேகமாக முடிந்தால் சில நாட்களில் பாலை மீண்டும் தொடங்குவார்கள். அழற்சி உறுதியானால் ஒரு வாரமோ அதற்கு மேலோ செல்லும். சில பிள்ளைகளுக்குக் குடலில் சத்திரசிகிச்சை தேவைப்படுவதும் உண்டு. இது உயிராபத்தான நோய் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் உரிய நேரத்தில் கண்டுபிடித்துப் பாலை நிறுத்தியிருக்கிறார்கள் என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும்.

கவனக்குறைவு என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். கை கழுவாமல் தொடுவதால் தொற்று வருவது உண்மை. அதை யார் செய்தாலும், நீங்கள் உட்பட, தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள். எனினும் எல்லாரும் எல்லாவற்றையும் சரிவரச் செய்தும் இந்த நோய் வருவதுண்டு. பொறுப்பு வைத்தியரிடம் தனியே நேரம் கேட்டு, 'இன்று எது எங்களைக் கூடுதலாகக் கவலைப்பட வைக்க வேண்டும்? எதைப் பார்த்தால் தேறுகிறாள் என்று நீங்கள் சொல்வீர்கள்? நாளை எந்த முடிவை எடுக்க இருக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போவது நல்லது. அந்த அறைக்குள் போனதும் எல்லாம் மறந்துபோகும். பதிலையும் அங்கேயே எழுதிக்கொண்டால், வீட்டில் கேட்கின்ற பத்துப் பேருக்கும் ஒரே செய்தியைச் சொல்லலாம்.

கொழும்பு யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். தேறாத நிலையிலுள்ள ஒரு சின்னப் பிள்ளைக்கு அந்தப் பயணத்தில் உடல் குளிர்வதும், குழாய்கள் விலகுவதும், அசைவுமே பெரும் ஆபத்துகள். இங்கே கிடைக்காத ஒரு சிகிச்சை தேவைப்பட்டால் வைத்தியர்களே அனுப்புவார்கள். பெரிய இடம் என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. 1963ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி ஜோன் கென்னடியின் மகன் பட்ரிக், ஐந்தரை வாரம் முந்தி, ஏறத்தாழ 2,100 கிராம் நிறையோடு பிறந்து, இரண்டு நாள்கூட முடியுமுன் மூச்சுத்திணறலால் இறந்தான். உங்கள் மகளைவிட ஏறத்தாழ இரு மடங்கு நிறை அவனுக்கு. நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கின்ற பசை குறைமாதப் பிள்ளைகளிடம் போதாது என்பது 1959இலேயே தெரிந்திருந்தும், அதற்கான சிகிச்சை அன்று எங்கும் இல்லை. பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்காகப் பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் ஊசியின் பயன் 1972இல் நிறுவப்பட்டது. மூக்கு வழியாகத் தொடர்ந்து அழுத்தம் கொடுக்கின்ற கருவி 1971இல் வந்தது. அந்தப் பசையையே மருந்தாகக் கொடுத்துப் பலன் கண்டது 1980இல். அன்று ஒரு ஜனாதிபதியின் பிள்ளைக்குக் கிடைக்காத சிகிச்சை இன்று வேலணையில் இருந்து வந்த உங்கள் பிள்ளைக்குப் பணம் வாங்காமல் கிடைக்கிறது.

உங்கள் அம்மாவிடம் ஒன்றை நீங்களே சொல்ல வேண்டும். மருமகள் சொன்னால் எடுபடாது. கர்ப்பகாலத்தில் பிரஷர் இவ்விதம் கூடுவதன் வேர், நஞ்சுக்கொடி கருப்பையில் பதிகின்ற ஆரம்ப வாரங்களிலேயே இருக்கிறது. தேருக்குப் போனதும் வெயிலில் நின்றதும் அதற்குக் காரணம் அல்ல. பிள்ளையை நேரத்தோடு எடுத்தது தாயினதும் பிள்ளையினதும் உயிரைக் காப்பாற்றிய சிகிச்சை. அந்தத் தாய் ஏற்கெனவே இரவில் விழித்திருந்து தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்டிருப்பார். வீட்டார் சொல்கின்ற ஒரு வார்த்தை அவருடைய பாலையும் குறைக்கும், மனத்தையும் உடைக்கும். பேச்சு அற்றுப்போவது, பிள்ளையைப் பார்க்கப் போகவே மறுப்பது, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற விதமான கதை ஆகியவற்றில் எதைக் கண்டாலும் விடுதி வைத்தியரிடம் உடனே சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். உங்களுக்கும் அது பொருந்தும். ஆண்பிள்ளை அழக்கூடாதென்று வண்டியில் பண்ணைப் பாலத்தைக் கடக்கும்போது மட்டும் அழுகின்ற தகப்பன்மார் பலர்.

நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் அங்கே பார்வையாளர் அல்லர். சிகிச்சையில் ஒரு பங்கு உங்களுடையது. அனுமதி கிடைக்கும் வேளைகளில் கையைக் கழுவி, இன்கியுபேட்டரின் துவாரத்தால் கையை விட்டு, ஒரு கையால் தலையை அணைத்து, மறு கையால் கால்களை மடித்துப் பிடித்து அசையாமல் வைத்திருங்கள். தடவ வேண்டாம், இந்த வயதில் தடவுவது அவர்களுக்குக் கூச்சத்தையும் களைப்பையும் தரும், அமைதியாகப் பிடித்திருப்பது ஆறுதல் தரும். மெல்லப் பேசுங்கள், உங்கள் குரலை அவள் கேட்கிறாள். நிலை தேறியதும் நெஞ்சோடு நெஞ்சாக அணைத்து வைத்திருக்கும் கங்காரு முறையைப் பற்றி நீங்களாகவே கேளுங்கள். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல், இன்கியுபேட்டர்கள் போதாமையால் தொடங்கிய முறை அது. இன்று உலக சுகாதார நிறுவனம், வசதி இருக்கும் இடத்திலும்கூட, குறைமாதப் பிள்ளைகளுக்கு அதை நாளில் எட்டு மணித்தியாலம் முதல் 24 மணித்தியாலம் வரை பரிந்துரைக்கிறது. உடற்சூடு நிலைக்கிறது, மூச்சு சீராகிறது, தொற்றும் குறைகிறது. தகப்பனின் நெஞ்சும் அதே வேலையைச் செய்யும். தாய் நித்திரை கொள்ளும் இரண்டு மணித்தியாலத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

நிறையைப் பற்றியும் ஒரு சொல். நாளாந்தம் நிறுத்துச் சொல்கின்ற எண்ணிலேயே பெற்றோர் உயிரை வைத்திருப்பார்கள். மலம் கழித்ததா, சேலைன் ஏறியதா என்பதைப் பொறுத்தே ஒருநாள் 20 கிராம் ஏறும், மறுநாள் இறங்கும். ஒரு வாரக் கணக்கைப் பாருங்கள்.

கேள்வி: என் பேரன் 33 வாரத்தில் பிறந்து, ஐந்து வாரம் கழித்து, 2,050 கிராம் நிறையோடு வீட்டுக்கு வரப்போகிறான். 31ஆம் நாள் துடக்குக் கழிவு பிள்ளை வைத்தியசாலையில் இருக்கும்போதே கழிந்துவிட்டது. இப்போது சுற்றத்தாரை அழைத்துப் பெயர் வைக்கலாமா? முழுகவார்த்துச் சாம்பிராணிப் புகை பிடிக்கலாமா? கோரோசனை, வசம்பு உரைத்துக் கொடுக்கலாமா? மகள் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்கிறாள். நான் நான்கு பிள்ளை வளர்த்தவள். (சாவகச்சேரி)

பதில்: அம்மா, உங்கள் கை வைத்தியசாலையால் தர முடியாத கை. ஆனால் இந்தப் பிள்ளையின் நெஞ்சு நீங்கள் வளர்த்த நான்கு பிள்ளைகளின் நெஞ்சைப் போன்றதல்ல. சாம்பிராணிப் புகை வேண்டவே வேண்டாம். நுளம்புத்திரி, சுருட்டு, விறகடுப்பு ஆகியவற்றின் புகையும் பிள்ளை படுக்கும் அறைக்கு வரக்கூடாது. கோரோசனையும் வசம்பும் சீனித்தண்ணீரும் கூடாது. தாய்ப்பாலும், வைத்தியர் எழுதித் தந்த விற்றமின், இரும்புச்சத்துத் துளிகளும் மட்டுமே. மஞ்சள் தெரிந்தால் வெயிலில் காட்டிக் காத்திருக்காமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

பெயரை இன்றைக்கே வைத்துவிடலாம், வீட்டாரோடு. சுற்றத்தார் சில மாதம் கழித்து வரட்டும். 'தடிமன் இருக்கிறது, பரவாயில்லை' என்று வருபவருக்கு அது தடிமன்தான். இந்தப் பிள்ளைக்கு அதுவே மறுபடி விடுதிக்குப் போகக் காரணமாகலாம். வாசலில் நின்று இல்லை என்று சொல்லும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொண்டால், உங்கள் மகளுக்கு அதைவிடப் பெரிய உதவி இருக்க முடியாது. மகள் சொன்னால் மரியாதையில்லை என்பார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. ஏணையில் போட வேண்டாம். துணி வளைந்து கொடுக்க, பிள்ளையின் நாடி நெஞ்சில் முட்டும். கழுத்துப் பலம் இல்லாத குறைமாதப் பிள்ளைக்கு அப்படியே மூச்சு அடைபடலாம். தட்டையான, உறுதியான படுக்கையில், தலையணை இல்லாமல், மல்லாத்திப் படுக்க வையுங்கள். வைத்தியசாலையில் குப்புறப் படுக்க வைத்ததைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கருவி காவலிருந்தது. உதடு நீலமாவது, மூச்சு இழுக்கையில் விலா உள்ளே குழிவது, பால் குடிக்க எழும்பாமல் துவண்டு கிடப்பது, உடல் சில்லிடுவது அல்லது காய்வது என்று எதைக் கண்டாலும் காலைவரை பார்ப்போம் என்றிருக்காமல் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். குடும்பநல உத்தியோகத்தருக்கும் பிள்ளை வீட்டுக்கு வந்த செய்தியை அன்றே சொல்லிவிடுங்கள்.

பத்தியக் கறியை மகளுக்குத் தாராளமாகக் காய்ச்சிக் கொடுங்கள். அதில் உங்களுக்கு நிகர் யாருமில்லை.

கேள்வி: மகள் 28 வாரத்தில் பிறந்தவள். இப்போது ஏழு மாதம். பக்கத்து வீட்டில் அதே வயதுப் பிள்ளை இருக்கப் பழகிவிட்டது. இவள் இன்னும் உடம்பு பிரட்டவில்லை. ஊசிகளையும் பிந்திப் போடலாமா? சோறு தீத்தலாமா? நெடுந்தீவிலிருந்து வருவதால், கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாட்களில் இரண்டு கண் கிளினிக்குகள் தவறிவிட்டன.

பதில்: 12 வாரம் முந்திப் பிறந்தவளின் வளர்ச்சியை, அவள் பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும். அப்படிப் பார்த்தால் அவளுக்கு நான்கு மாதம்தான். நான்கு மாதப் பிள்ளை பிரட்டாதிருப்பதில் கவலைக்கு இடமில்லை. இரண்டு வயது வரையாவது இப்படியே எண்ணுங்கள். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழிப்பு இல்லை: இரண்டாம், நான்காம், ஆறாம் மாத ஊசிகள் பிறந்த திகதியின்படியே. சின்னப் பிள்ளை தாங்காது என்று பிற்போடுகிறார்கள்; அந்த நோய்களைத்தான் சின்னப் பிள்ளை தாங்காது. சோற்றுக்கு மாதத்தைவிட, தலை நன்றாக நிற்கிறதா, கரண்டியைக் கண்டு வாய் திறக்கிறாளா என்பதே அளவு. அதைக் கிளினிக்கில் காட்டி முடிவெடுங்கள்.

கண் விடயத்தில் எனக்குக் கவலை உண்டு. மிகவும் முந்திப் பிறந்த பிள்ளைகளின் விழித்திரையில் குருதிக்குழாய்கள் முழுமையாக வளர்ந்திருக்காது. அவை தாறுமாறாக வளர்ந்தால் பார்வையே போகலாம். அதனால்தான் பிறந்து நான்கு வாரமளவில் தொடங்கி, குழாய்கள் முழுமையாக வளரும்வரை திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். தேவைப்பட்டால் லேசர் சிகிச்சை செய்கிறார்கள். அதற்கான காலம் நாட்கணக்கிலானது. 'இனி வர வேண்டியதில்லை' என்று கண் வைத்தியர் தன் கையால் எழுதித் தந்தாரா என்று பதிவேட்டைப் பாருங்கள். அப்படி எழுதியிருக்காவிட்டால் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திராமல் இந்த வாரமே வாருங்கள். குறைமாதப் பிள்ளைகளுக்கு மாறுகண்ணும் கிட்டப்பார்வையும் கூடுதலாக வருவதால், எழுதித் தந்திருந்தாலும் பிந்தியும் ஒருமுறை காட்ட வேண்டும். செவிப் பரிசோதனை நடந்ததா என்பதையும் அன்றே கேளுங்கள். கடல் கொந்தளிக்கும் காலத்தில், முதல் நாளே படகில் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, உறவினர் வீட்டில் தங்கி மறுநாள் கிளினிக்குக்கு வருவது அலைச்சல்தான். இந்த ஒன்றுக்காக அந்த அலைச்சலைப் படலாம்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் தம்பியின் பிள்ளை குறைமாதத்தில் பிறந்து விடுதியில் இருக்கிறது. இங்கிருந்து நல்ல பால்மாவும், காலில் அணிந்து ஒட்சிசன் அளவு பார்க்கின்ற கருவியும் அனுப்பலாமா? (ரொறன்ரோ)

பதில்: இரண்டையும் அனுப்ப வேண்டாம். பால்மா வீட்டில் வந்து நின்றாலே தாய்ப்பாலில் தாய்க்குள்ள நம்பிக்கை குறையும். தாய்ப்பாலோடு சேர்க்க வேண்டிய சத்து ஏதும் இருந்தால் வைத்தியர்களே சொல்வார்கள். வீட்டுக் கருவி அடிக்கடி காரணமின்றி அலறி, இரவு நித்திரையைக் கெடுக்கும். தம்பி நாளும் வந்து போகின்ற பெற்றோல் செலவுக்கும், வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளத்துக்கும் ஈடாக ஒரு தொகையை, கணக்குக் கேட்காமல், மாதா மாதம் அனுப்புங்கள். பிள்ளையின் படம் அனுப்பு என்று வற்புறுத்தாதீர்கள். குழாய்களோடு இருக்கும் பிள்ளையைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பத் தாய்க்கு மனம் வராது. அழைப்பை உங்கள் காலையில் எடுங்கள், அப்போது அங்கே மாலை. உங்கள் மாலை ஏழு மணி அங்கே விடியற்காலை. அந்த நேரத்தில் அவர் பால் எடுத்துக்கொண்டிருப்பார், அல்லது எடுத்து முடித்துச் சற்றுக் கண்ணயர்ந்திருப்பார்.